பிள்ளைக்கு ஞானஸ்நானம்: இப்போதா, பிறகா, எந்தக் கோயிலில்?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இளம் தம்பதிகள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் கேள்வி இது. கணவன் பிறவிக் கத்தோலிக்கன். மனைவி சைவக் குடும்பத்துப் பிள்ளை. மீள்குடியேறிய காலத்தில் தாயோடு சேர்ந்து ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கியவள். கையில் நாலைந்து மாதக் குழந்தை. அப்பம்மா வரும்போதெல்லாம் கேட்கிறா: "தம்பி, பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கேல்லையோ? நாளைக்கு ஒண்டெண்டால் என்ன செய்வாய்?" சபைப் பாஸ்ரர் மனைவியிடம் சொல்கிறார்: "தங்கச்சி, விசுவாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தண்ணி ஊத்திறதிலை என்ன இருக்கு?" இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் தென்னிந்திய திருச்சபைக்கோ மெதடிஸ்ற் கோயிலுக்கோ போனால் என்ன என்று நண்பர் ஒருவர் இன்னொரு வழியும் காட்டுவார்.

பெரும்பாலும் இதை எப்படித் தீர்க்கிறார்கள் தெரியுமா? யாருடைய தாய் கூடச் சத்தம் போடுகிறாவோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் எந்தக் கோயில் வீட்டுக்குக் கிட்ட, எங்கே பாட்டு நல்லாயிருக்கும், கஷ்டத்தில் யார் வந்து பார்த்தார்கள் என்பதைப் பார்க்கிறார்கள். இவை ஒன்றும் அற்பமான காரணங்கள் அல்ல. ஆனால் மூன்று வழிகளும் உண்மையில் ஒரே கேள்விக்குச் சொல்லும் மூன்று பதில்கள். மடியில் கிடக்கும் இந்தப் பிள்ளைக்கு எதிலிருந்து இரட்சிப்பு வேண்டும்? அதற்கு நீங்கள் இருவரும் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் முடிவில் பாதி அங்கேயே வந்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பித்தவன், பிறப்பால் கத்தோலிக்கன். சாய்வு எங்காவது தெரிந்தால் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். கிறிஸ்து யார் என்று அங்கே போதிக்கிறார்கள் என்பது முதலாவது. மனிதனுக்கு என்ன கோளாறு, அது குழந்தைக்கும் உண்டா என்பது இரண்டாவது. இரட்சிப்பு எப்படி வருகிறது, வந்தது போகுமா என்பது மூன்றாவது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது நாலாவது. போரில் இத்தனை பேரைப் பறிகொடுத்த வன்னியில் இதை ஓரமாக வைக்க முடியாது. கடைசியாக நடைமுறை: பிள்ளைக்கு யார் படிப்பிப்பது, கோயில் எவ்வளவு தூரம், குடும்பத்துக்குள் என்ன உரசல் வரும்.

செலவு என்று சொல்லும்போது காசை மட்டும் சொல்லவில்லை. ஒரு வழியைத் தேர்ந்தால் யாரிடம் எதைக் கைவிட வேண்டிவரும் என்பதும் செலவுதான்.

## முதல் சல்லடை: கிறிஸ்து யார்?

இந்த விஷயத்தில் மூன்று வழிகளுக்கும் வேறுபாடு இல்லை. பலர் இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். இயேசு படைக்கப்பட்டவர்களில் மேலானவர் என்று ஆரியுஸ் என்ற குரு சொன்னதை, ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கம் 325ஆம் ஆண்டு மறுத்தது. அவர் பிதாவோடு ஒரே பொருளானவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்றது. கல்கெதோன் சங்கம் 451இல், அவர் முழுக் கடவுள், முழு மனிதர், ஆனால் ஒரே ஆள் என்று வரையறுத்தது. கத்தோலிக்கப் பூசையிலும் தென்னிந்திய திருச்சபை ஆராதனையிலும் விசுவாசப் பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் அது வழக்கமில்லை. ஆனால் திரித்துவத்தை, அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, ஏற்கும் சபைகள் எல்லாவற்றிலும் போதனை இதுவேதான்.

ஆகவே மூன்றுக்கும் இடையே தெரிவுசெய்ய இந்த அளவுகோல் உதவாது. வேறொன்றுக்கு உதவும். யெகோவாவின் சாட்சிகள் வீட்டு வாசலுக்கு வந்து வேதாகமம் படிப்பிக்கும்போது, "இதுவும் ஒரு சபைதானே" என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திரித்துவத்தை ஏற்பதில்லை. இயேசு படைக்கப்பட்டவர் என்பதே அவர்கள் நம்பிக்கை. பெந்தெகொஸ்தேயினருக்குள்ளும் "இயேசுவின் நாமத்தில் மட்டும்" ஞானஸ்நானம் கொடுக்கிற ஒரு பிரிவு உண்டு. அவர்களும் திரித்துவத்தை மறுக்கிறவர்கள். இந்த இரண்டு இடத்தில் கொடுக்கும் ஞானஸ்நானத்தையும் கத்தோலிக்க திருச்சபை செல்லுபடியாக எடுப்பதில்லை. புதிதாகத் தொடங்கிய ஒரு சபையாக இருந்தால் பாஸ்ரரிடம் நேராகக் கேளுங்கள்: இயேசு படைக்கப்பட்டவரா? எந்தப் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள்? இரண்டு கேள்வி போதும்.

சைவத்தில் வளர்ந்த மனைவிக்கு இந்த இடம் இன்னொரு வகையில் கனமானது. சைவ சித்தாந்தத்தில் சிவன் கருவில் பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை. குருவாக வந்து ஆட்கொள்வார், ஆனால் பிறவிக்குள் அகப்பட மாட்டார். கடவுள் ஒரு பெண்ணின் வயிற்றில் கிடந்து, பசித்து, அடி வாங்கிச் செத்தார் என்று கிறிஸ்தவம் சொல்வது அங்கேயிருந்து வருகிறவருக்கு அவ்வளவு சுலபமாக இறங்காது. "எல்லாம் ஒரே கடவுள்தானே" என்று கணவன் வீட்டார் சமாளிப்பது அவளுக்குச் செய்யும் உதவியல்ல. அவள் கேள்வியைக் கேட்க இடமிருக்கும் கோயிலா என்று பாருங்கள்.

## முதலாம் வழி: கத்தோலிக்கக் கோயிலில், இப்போதே

மனிதருக்கு என்ன கோளாறு என்று கத்தோலிக்கம் சொல்வதைத் தூர்ந்த கிணறு என்று விளக்கலாம். ஊற்று செத்துப்போகவில்லை. ஆனால் மண் மூடிக் கிடக்கிறது, தானாகத் தூர் வாரிக்கொள்ள அதனால் முடியாது, ஒருவர் உள்ளே இறங்கவேண்டும். சீர்திருத்த சபைகளின் பழைய போதனை இதைவிடக் கடுமையானது: கிணறு தூர்ந்தது மட்டுமல்ல, ஊற்றே உவராகிவிட்டது, எவ்வளவு இறைத்தாலும் நல்ல தண்ணீர் வராது. பிறவியிலேயே வரும் இந்த ஜென்மப்பாவத்தைப் பற்றிக் கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்தீன் சங்கம் 1546இல் வரையறுத்ததன் சாரம், மனித இயல்பு காயப்பட்டது, முழுதாய் அழியவில்லை என்பது. குழந்தை எதையும் செய்திராவிட்டாலும் அந்தக் காயத்தோடுதான் பிறக்கிறது. எனவே மருந்தைத் தள்ளிப்போடக் காரணமில்லை. அப்பம்மாவின் அவசரத்துக்குப் பின்னால் இருக்கும் இறையியல் இதுதான்.

சைவத்தில் ஆணவம் என்று சொல்வதை அறிந்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள். பிறக்கும்போதே ஒட்டியிருக்கும் மலம், அருளில்லாமல் நீங்காது என்பதெல்லாம் பழகிய பேச்சு. ஒரு வேறுபாடு முக்கியம். ஆணவம் தொடக்கமில்லாதது. ஜென்மப்பாவமோ இடையில் வந்தது. கடவுள் படைத்தபோது மனிதன் நல்லவனாகவே இருந்தான்.

இரட்சிப்பு ஞானஸ்நானத்தில் தொடங்கி வாழ்நாள் முழுக்க நடக்கிறது. முதல் நன்மை, உறுதிப்பூசுதல், பாவசங்கீர்த்தனம், நோயில் பூசுதல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அருட்சாதனம், அதாவது அருளைத் தரும் சடங்கு, இருக்கிறது. சாவான பாவத்தால் அருளை இழக்கலாம், பாவசங்கீர்த்தனத்தால் திரும்பப் பெறலாம். "நான் நிச்சயம் மோட்சத்துக்குப் போவேன்" என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது, நம்பிக்கையோடு இருக்கலாம். நிச்சயம் தேடுகிற மனதுக்கு இது குறைவாகத் தெரியும். எனக்கு இதில் ஒரு நிதானம் தெரிகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. உயிராபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது, திருச்சபை செய்ய நினைப்பதைச் செய்யும் எண்ணத்தோடு ஒரு சைவத் தாதி தண்ணீர் வார்த்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொன்னாலும் அது செல்லும். கொடுப்பவரின் தகுதியில் ஒன்றும் தங்கியிருக்கவில்லை, செய்கிறவர் கிறிஸ்து என்ற போதனையின் நேரடி விளைவு அது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்பதற்கு நியாயமான நம்பிக்கை இருக்கிறதா என்று பாதர் பார்ப்பார். திருச்சபைச் சட்டம் அதைக் கேட்கிறது. கலியாணம் பதிவுத் திருமணத்தோடு நின்றிருந்தால் அந்தக் கதையும் எழும். கோயிலில் கலப்புத் திருமணத்துக்கு அனுமதி எடுத்தவர் என்றால், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று கணவன் முன்பே வாக்குக் கொடுத்திருப்பார். மனைவிக்கு அது அறிவிக்கப்பட்டிருக்கும், ஆனால் அப்போது காதில் விழுந்திராது. ஞானப்பெற்றோரில் ஒருவராவது கத்தோலிக்கராக இருக்கவேண்டும். சபைக்குப் போகிற சித்தி சாட்சியாக நிற்கலாம், ஞானத்தாயாக முடியாது. இதைப் பிந்திச் சொன்னால் சண்டை நிச்சயம்.

மடு மாதாவைப் பற்றி ஒரு வரி. 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் காட்டுக்குள் கொண்டுபோன சுரூபம் அது. ஆவணித் திருநாளுக்குச் சைவர்களும் போகிறார்கள். மடுவுக்குப் போகக் கத்தோலிக்கராக வேண்டியதில்லை, ஆகவே மடு மீதுள்ள பாசத்தை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். மாதா இரட்சிப்பதாகத் திருச்சபையும் சொல்லவில்லை.

## இரண்டாம் வழி: தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்ற், அங்கிலிக்கன்

இவற்றை ஒன்றாகச் சேர்ப்பது கொஞ்சம் அநியாயம்தான். மெதடிஸ்ற் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். 1816இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் வழிவந்தது தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம். அது அந்தத் திருச்சபையில் இணைந்த ஆண்டு 1947. மூன்றுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. ஆனாலும் உங்கள் கேள்விக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கின்றன.

குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. ஆனால் அது அங்கேயே முடிந்த காரியமாகப் பார்க்கப்படுவதில்லை. பழைய ஏற்பாட்டில் எட்டாம் நாள் விருத்தசேதனம் எப்படி உடன்படிக்கையின் அடையாளமோ, அப்படி இது புதிய உடன்படிக்கையின் அடையாளம். பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார். கடவுள் முந்திக்கொள்கிறார், பிள்ளை பிறகு பதில் சொல்கிறது. அந்தப் பதில்தான் திடப்படுத்தல். பிள்ளை வளர்ந்து, படித்து, சபையின் முன் எழுந்து நின்று "ஆம், எனக்கும் இது வேண்டும்" என்கிறது.

இரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தின் வழியாக, கிரியைகளால் அல்ல. எபேசியர் 2:8-9 இங்கே அடித்தளம். கத்தோலிக்கர் உடனே யாக்கோபு 2:24ஐத் தூக்கிக் காட்டுவார்கள், கிரியையினாலும் நீதிமானாக்கப்படுகிறான் என்று. நானூறு, ஐந்நூறு வருடச் சண்டை இது. ஆனால் கோயில் திண்ணைகளில் இன்னும் சண்டை பிடிப்பவர்களுக்கு ஒரு செய்தி எட்டவில்லை. 1999 ஒக்ரோபர் 31இல் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் குறித்து ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டார்கள். நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவின் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், அந்தக் கிருபை நம்மை நற்செயலுக்கு ஏவுகிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்ற் உலகப் பேரவை 2006இலும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் இதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. உத்தரிக்கிற ஸ்தலம், அருட்சாதனங்களின் எண்ணிக்கை, பாப்பரசரின் அதிகாரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் "கத்தோலிக்கர் கிரியையால் மோட்சம் வாங்கப் பார்க்கிறவர்கள்" என்பதும், "வேறு சபைக்காரர் நம்பினால் போதும், எப்படியும் வாழலாம் என்கிறவர்கள்" என்பதும் இனி எடுபடாத பேச்சுகள்.

செலவு? வன்னியில் இந்தச் சபைகள் சிறியவை. ஒரே போதகர் பல ஊர்களைப் பார்க்கவேண்டியிருக்கும். உங்கள் ஊரில் ஓய்வுநாள் பாடசாலை நடக்கிறதா, பிள்ளையின் வயதில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். நாலைந்து முதியவர்கள் மட்டும் இருக்கும் சபையில் பிள்ளை வளர்வது அழகாகவும் இருக்கலாம், தனிமையாகவும் இருக்கலாம்.

"நடுவழி" என்று இதை எடுப்பதில் ஒரு பொறியும் இருக்கிறது. சமரசத்துக்காகத் தேர்ந்த கோயிலுக்கு இருவருமே மனதோடு போகமாட்டார்கள். அப்பம்மா இங்கே வரமாட்டா, அம்மம்மாவின் சபை இதைக் "குளிர்ந்த சபை" என்று சொல்லும். கடைசியில் நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் போகிற குடும்பமாகிவிடுவீர்கள்.

## மூன்றாம் வழி: இப்போது பிரதிஷ்டை, விசுவாசித்த பிறகு முழுக்கு

பெந்தெகொஸ்தே சபைகளிலும் பல சுயாதீன சபைகளிலும் குழந்தையை முன்னே கொண்டுவந்து, போதகர் கையில் எடுத்து ஜெபித்துக் கடவுளுக்கு அர்ப்பணிப்பார். பிரதிஷ்டை என்பது இதுதான். தண்ணீர் இல்லை. பிள்ளை பாவ சுபாவத்தோடு பிறக்கிறது என்பதை இவர்களும் மறுப்பதில்லை. ஆனால் நல்லது கெட்டது தெரியும் வயதுவரை கடவுள் அதைக் கணக்கில் வைப்பதில்லை, அதற்குமுன் இறந்தால் பிள்ளை அவரிடமே போகும் என்பது பரவலான போதனை. பிறகு ஒருநாள் மனந்திரும்பி, இயேசுவைச் சொந்த இரட்சகராக ஏற்று, முழுகி ஞானஸ்நானம் எடுக்கவேண்டும். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" என்று மாற்கு 16:16இல் வரிசை இருப்பதைக் காட்டுவார்கள். மற்றப் பக்கம் அப்போஸ்தலர் 16:33ஐக் காட்டும். சிறைக்காவலனும் அவன் வீட்டார் அனைவரும் அந்த இரவே ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்று வசனம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அந்த மௌனத்தைத் தங்களுக்குச் சாதகமாக வாசிக்கின்றன.

இந்த வழியின் பலத்தைக் கோயில்காரர் குறைத்துப் பேசக்கூடாது. 2009க்குப் பிறகு தறப்பாள் கொட்டில்களில் உடைந்துபோய்க் கிடந்த குடும்பங்களை வீடு வீடாய்ப் போய்ப் பார்த்து, பெயர் சொல்லி ஜெபித்து, குடித்த மனுசனை உட்கார்த்திப் பேசியவர்களில் சபைக்காரர் நிறையப் பேர். கிறிஸ்து மீட்பவர் மட்டுமல்ல, குணமாக்குகிறவர், பரிசுத்த ஆவியால் நிரப்புகிறவர் என்பது அவர்களின் போதனையில் நடுவான விஷயம். மனிதன் மாறலாம், இன்றைக்கே மாறலாம் என்று அவர்கள் சொல்வதை நம்பி மாறியவர்கள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள். "இந்தத் திகதியில் இரட்சிக்கப்பட்டேன்" என்று சொல்ல முடிவது ஒரு பெரிய தெம்பு.

அந்தத் தெம்புக்கே விலையும் இருக்கிறது. சபையில் வளரும் பிள்ளை பதினான்கு, பதினைந்து வயதில் அப்படி ஒரு அனுபவம் வராமல் தடுமாறும்போது, "எனக்கு மட்டும் ஏன் அந்நிய பாஷை (ஆவியால் நிரம்பும்போது பேசும் அறியாத மொழி) வரவில்லை" என்று தனக்குள் குறுகிப்போகலாம். கணவன் அங்கே சேர விரும்பினால், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை என்று மறுபடி முழுகவேண்டும். தாய்க்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். தசமபாகத்தை எதிர்பார்க்கும் சபைகள் பல; கூலி வேலை வீட்டில் பத்திலொன்று சின்னக் காசல்ல. சில சபைகளில் தாலி, நகை கழற்றவேண்டும். சில குழுக்கள் மருந்தே எடுப்பதில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை முதல் நாளே கேட்டுத் தெளிவாக்குங்கள். சைவ உறவுகளின் வீட்டுச் சடங்கு எதற்கும் போகக்கூடாது என்பதும் வரும். ஏ9இல் பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்கும்போது இறங்கிக் கச்சான் வாங்கலாமா என்று குழம்பியவர்களும் இருக்கிறார்கள். கச்சான் பிரசாதமல்ல, வாங்கலாம்.

## ஒரே பார்வையில்

| | கத்தோலிக்கம் | தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்ற், அங்கிலிக்கன் | பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள் |
|---|---|---|---|
| கிறிஸ்து | முழுக் கடவுள், முழு மனிதர் | அதுவே | அதுவே (திரித்துவத்தை ஏற்கும் சபைகளில்) |
| குழந்தையின் நிலை | ஜென்மப்பாவத்தால் காயப்பட்டது | பாவ இயல்போடு பிறந்தது, உடன்படிக்கைக்குள் வரலாம் | பாவ சுபாவம் உண்டு, அறியும் வயதுவரை பொறுப்பில்லை |
| ஞானஸ்நானம் | இப்போதே. அருளைத் தருகிறது | இப்போதே. பிறகு திடப்படுத்தல் | விசுவாசித்த பிறகு, முழுக்கு |
| இரட்சிப்பின் நிச்சயம் | நம்பிக்கை உண்டு, அடித்துச் சொல்வதில்லை | உண்டு. இழக்கலாமா என்பதில் கருத்து வேறு | உண்டு. பின்வாங்கினால் இழக்கலாம் என்பர் பலர் |
| இறந்தவருக்காகச் செபம் | உண்டு | பெரும்பாலும் இல்லை. கடவுளிடம் ஒப்படைப்பு | இல்லை |
| பெரிய மறைசெலவு | வாக்குறுதிகள், கலியாண ஒழுங்கு | சிறிய சபை, தூரம் | உறவுகளோடு வரும் பிரிவு |

## இறந்தவர்களைப் பற்றி

அட்டவணையில் ஒரு வரியாகப் போன இந்த விஷயம்தான் வன்னியில் மற்ற எல்லாவற்றையும்விட ஆட்களை அசைக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பாதர் வரவில்லை, பூசுதல் இல்லை, அடக்கம் இல்லை. ஞானஸ்நானம் பெறாத கைக்குழந்தைகளும் இறந்தார்கள். மனைவியின் பக்கத்தில் இறந்தவர்கள் சைவர்கள், இயேசுவைப் பற்றி யோசித்ததேயில்லை.

கத்தோலிக்கத்தில் பழைய தலைமுறை, ஞானஸ்நானம் இல்லாத குழந்தை மோட்சமுமல்லாத, வேதனையுமில்லாத லிம்போ என்ற இடத்தில் இருக்கும் என்று கேட்டு வளர்ந்தது. அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவில்லை. இன்றைய மறைக்கல்வி அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குக் காரணங்கள் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு விரிவாகவே எழுதியது. தம் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாது, மனச்சாட்சிப்படி வாழ்ந்தவர்களும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொல்லிவிட்டது. அப்பம்மாவின் "நாளைக்கு ஒண்டெண்டால்" என்ற பயத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது: கடவுள் ஞானஸ்நானத்தோடு மீட்பைக் கட்டியிருக்கிறார், தம் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. அதோடு, கார்த்திகை 2ஆம் திகதி சேமக்காலையில் விளக்கு வைத்துச் செபிக்கலாம், கல்லறை இல்லாதவருக்கும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். துக்கத்துக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

இரண்டாம் வழியில் இறந்தவருக்காகச் செபிக்கும் வழக்கம் குறைவு. அங்கிலிக்கன் ஆலயங்களில் சில இடம் உண்டு. பொதுவாக, தீர்ப்பு கடவுளுடையது என்று அவரிடம் விட்டுவிடுவார்கள். துக்கம் ஆறாதவர்களுக்கு அது வெறுமையாகத் தெரியலாம், ஆனால் யாரையும் நரகத்துக்கு அனுப்புவதில்லை.

மூன்றாம் வழியில்தான் நேராகக் கேட்டுப் பார்க்கவேண்டும். ஏற்றுக்கொள்ளாமல் இறந்தவர் கெட்டுப்போனார் என்று வெளிப்படையாகப் பிரசங்கிக்கும் போதகர்கள் இருக்கிறார்கள். அதே போதனையை வைத்திருந்தும், கடைசி மூச்சில் யார் எதைக் கூப்பிட்டார் என்று மனிதருக்குத் தெரியாது என்று அடக்கமாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, சபைக்கும் போகவில்லை. லூக்கா 23:43இல் அன்றைக்கே பரதீசு கிடைத்தது. சாவில் தம்பியைப் பறிகொடுத்த பெண்ணிடம் இந்த இரண்டில் எதை உங்கள் பாஸ்ரர் சொல்லுவார் என்று தெரியாமல் சேராதீர்கள். என் சாய்வு வெளிப்படையாகவே தெரியும் இடம் இதுதான், தெரியட்டும்.

## யாருக்கு எது

குழந்தைக்கும் அருள் தேவை என்று இருவருமே உள்ளூர நம்புகிறீர்கள், கணவன் ஞாயிறு தவறாமல் போகிறவர், அப்பம்மா செபமாலை சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் இருக்கிறா என்றால் முதலாம் வழி. கணவன் திருநாளுக்கு மட்டும் போகிறவர், தாயின் வாயை அடைக்கத்தான் ஞானஸ்நானம் என்றால் வேண்டாம். செய்யமாட்டேன் என்று தெரிந்தும் வாக்குக் கொடுப்பது நல்ல தொடக்கமல்ல.

கடவுள் முந்துகிறார் என்பதும் வேண்டும், பிள்ளை தன் வாயால் சொல்வதும் வேண்டும் என்று இருவரும் ஒரேயிடத்தில் நிற்பவர்களானால் இரண்டாம் வழி. மனைவி வேதாகமத்தை ஆழமாகப் படிக்க ஆசைப்படுகிறவள், சபையின் சத்தம் அவளுக்கு ஒத்துவரவில்லை என்றாலும் இது பொருந்தும். சமரசத்துக்காக மட்டும் என்றால் பொருந்தாது.

வீட்டில் உண்மையாகவே செபிக்கிறவள் மனைவி, கணவன் பெயருக்குத்தான் கத்தோலிக்கன் என்றால் மூன்றாம் வழியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிள்ளைக்கு விசுவாசத்தைக் கொடுப்பது அதை வாழ்கிறவர்தான். நான் மேலே சொன்ன கேள்விகளை மட்டும் பாஸ்ரரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளிக்கூட விஷயத்தையும் மறக்கவேண்டாம். சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்கள். வன்னியின் சிறிய பள்ளிக்கூடங்களில் ஒன்றுக்கு ஆசிரியர் இருப்பார், மற்றதற்கு இருக்கமாட்டார். சிலவேளை இரண்டுக்குமே இல்லை, பிள்ளை சைவ வகுப்பில் போய் உட்காரும். இதற்காக விசுவாசத்தை மாற்றச் சொல்லவில்லை. கோயிலில் யார் படிப்பிப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள் என்கிறேன்.

## பிறகு மனம் மாறினால்

முதல் இரண்டு வழிகளும் ஒன்றின் ஞானஸ்நானத்தை மற்றது ஏற்கும். தென்னிந்திய திருச்சபையில் திரித்துவத்தின் பெயரால் தண்ணீர் வார்க்கப்பட்ட பிள்ளை நாளைக்குக் கத்தோலிக்கத்துக்கு வந்தால் மறுபடி வார்ப்பதில்லை. சபைக்குப் போனால் மறுபடி முழுகச் சொல்வார்கள். பிரதிஷ்டை மட்டும் செய்த பிள்ளைக்கு எல்லாக் கதவும் திறந்தேயிருக்கும். எந்த வயதிலும் எங்கேயும் ஞானஸ்நானம் பெறலாம்.

கடைசியாகக் கடதாசிக் கதை. எந்த வழியானாலும் சான்றிதழை வாங்கி, ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். முதல் நன்மைக்கும் கலியாணத்துக்கும் அதைக் கேட்பார்கள். இடப்பெயர்வில் தங்கள் சொந்தச் சான்றிதழைத் தொலைத்த தகப்பன்மார் வன்னியில் ஏராளம். பிள்ளைக்குப் பதியப்போகும்போதுதான் அது தெரியவரும். பயப்படத் தேவையில்லை. கத்தோலிக்கச் சட்டப்படி, நேரில் பார்த்த நம்பகமான சாட்சி ஒருவர் சொன்னால் போதும். உண்மையிலேயே சந்தேகம் தீராவிட்டால் "நீ இன்னும் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். எனவே உங்கள் ஞானஸ்நானத்தன்று கோயிலில் நின்ற பெரியம்மாவோ ஞானத்தகப்பனோ இன்னும் இருந்தால், எந்தக் கோயில், ஏறக்குறைய எந்த வருடம், எந்தப் பாதர் என்று எழுதி ஒப்பம் வாங்கி, பங்குக் காரியாலயத்தில் கொடுத்து வையுங்கள்.